மேலே காடு, கீழே நாம்

அம்பாங் என்றால் என்ன அர்த்தம் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: அணை. மலாயில் ‘எம்பாங்’, ‘அம்பாங்’ என்றால் ஓடுகிற நீரை மறித்து நிறுத்துவது. ஈயம் அலசுவதற்காக ஓடையைத் தடுத்துக் கட்டியவர்களால் வந்த பெயர். 1857-இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளானிலிருந்து படகில் ஆறேறி வந்து, கோம்பாக்கும் கிள்ளானும் கூடும் இடத்தில் கரை இறங்கி, காட்டுக்குள் நடந்து வந்து சேர்ந்த இடம் இது. ஒரு மாதத்தில் மிஞ்சியவர்கள் 18 பேர்தாம். மற்றவர்களை மலேரியா கொண்டுபோனது.

அன்றைக்கு இந்தக் காடு ஆளைக் கொன்ற காடு. வெட்டினால்தான் பிழைப்பு என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை. அதன் பிறகு நூறாண்டுகளுக்கும் மேலாக எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஈயக்காரர், ரப்பர்க்காரர், வீடு கட்டி விற்பவர் என்று வரிசையாக வந்தார்கள். இப்போது கணக்கு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. வெட்டாமல் விட்ட காடு யாரைப் பிழைக்க வைக்கிறது என்று பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

சுங்கை அம்பாங்கைக் காட்டுக்குள் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை பாயும் சோற்றுப் பானையும் சாம்பார் வாளியுமாக நம் குடும்பங்கள் போய் இறங்கும் அம்பாங் உத்தான் லிப்பூர் அது. தண்ணீருக்கடியில் கூழாங்கல் ஒவ்வொன்றையும் எண்ணலாம். அதே ஆறு சில கிலோமீட்டர் இறங்கி ஊருக்குள் நுழைந்ததும் சிமெண்டுக் கால்வாயாகிவிடும். மாலை மழைக்குப் பிறகு என் அடுக்குமாடியின் நடைபாதையில் நின்று எட்டிப் பார்த்தால் அதன் நிறம் வேறு. பக்கத்து வீட்டு அக்கா ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்: “இன்னிக்கும் தே தாரிக்தான் ஓடுது.”

அந்தத் தே தாரிக் நிறம் மண். எங்கோ மேலே, மரம் எடுத்த சரிவிலிருந்து கிளம்பிய செம்மண். அது கடலுக்கு முழுதாகப் போய்ச் சேருவதில்லை. வழியிலேயே படிந்து ஆற்றின் அடித்தளத்தை உயர்த்துகிறது. சாக்கடையின் வாயை அடைக்கிறது. அடுத்த மழைக்கு ஆற்றில் இடம் குறைந்துபோகும். ஆற்றைத் தூர்வாரப் பணம் ஒதுக்கியதாக நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம், மேலே இருந்து கீழே வந்த மண்ணைத்தான் நம் வரிப்பணத்தில் அள்ளுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

மாலை நான்கு மணி இடிமழை நமக்குப் புதிதல்ல. ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊர் இது. மாறியிருப்பது மழை பெய்கிற விதம். காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக ஈரத்தைச் சுமக்க முடியும். சுமந்ததை அது நிதானமாக இறக்கி வைப்பதில்லை, மொத்தமாகக் கொட்டுகிறது. மூன்று நாளில் பெய்ய வேண்டியது ஒரு மாலையில் பெய்கிறது.

அந்த மழை காட்டின் மேல் விழுந்தால் என்ன நடக்கிறது? முதலில் அது தரையைத் தொடுவதற்கே நேரமாகும். மேல் அடுக்கு மரங்கள், அவற்றின் கீழே சிறு மரங்கள், அதற்கும் கீழே பனை, பிரம்பு, பெரணி என்று மூன்று நான்கு கூரைகளைக் கடந்துதான் துளி இறங்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை இலைகளிலேயே தங்கி, வெயில் வந்ததும் ஆவியாகிவிடும். மீதி இலைச்சருகின் மேல் மெதுவாக விழுந்து மண்ணுக்குள் போகும். காட்டு மண்ணை ஒரு பிடி எடுத்துப் பாருங்கள், கேக் மாதிரி பொலபொலவென்று இருக்கும். கரையானும் எறும்பும் மண்புழுவும் துளைத்த வழிகள், செத்துப்போன வேர்கள் விட்டுப்போன குழாய்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அவற்றின் வழியே உள்ளே போன நீர் பல நாள் கழித்து, பல வாரம் கழித்துக்கூட, ஓடையில் கசிந்து வரும்.

அதே மழை தார்ச்சாலை மேலும், புல்டோசர் ஏறி இறுகிப்போன செம்மண் மேலும் விழுந்தால் நடப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அரை மணியில் சாலை, ஒரு மணியில் கால்வாய், இரண்டு மணியில் யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறை.

வேர் செய்யும் இன்னொரு வேலை அம்பாங்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1993 டிசம்பர் 11, சனிக்கிழமை பிற்பகல். பத்து நாள் மழைக்குப் பிறகு உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸின் முதல் கட்டடம், 12 மாடி, அப்படியே சாய்ந்தது. 48 பேர் இறந்தார்கள். அதற்குப் பின்னால் இருந்த மலையில் காடு அழிக்கப்பட்டிருந்தது. மலையில் ஓடிய ஓடையைக் குழாயில் திருப்பிவிட்டிருந்தார்கள். நீர் போக வேண்டிய வழியில் போக முடியாமல் மண்ணுக்குள் இறங்கி, தடுப்புச் சுவரைத் தள்ளியது. மீதி இரண்டு கட்டடங்கள் ஆளில்லாமல் பல ஆண்டுகள் நின்றன. அந்தப் பக்கம் போகும் வண்டிகளில் பேச்சு தானாகவே நின்றுவிடும்.

அது கடைசியாக இருந்திருக்க வேண்டும். 2002 நவம்பரில் அதே சுற்றுவட்டாரத்தில், தாமான் ஹில்வியூவில், ஒரு பங்களா மண்ணுக்குள் போனது. 8 பேர் இறந்தார்கள். 2008 டிசம்பர் 6 விடியற்காலையில் புக்கிட் அந்தாராபங்சாவில் 14 பங்களாக்கள் சரிவில் சிக்கின. 2022 மார்ச் 10-ஆம் தேதி தாமான் புக்கிட் பெர்மாய் 2-இல் 4 பேர் இறந்தார்கள். நான்கும் அம்பாங், உலு கிள்ளான் வட்டாரத்துக்குள்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, கணினித் துறையில் நல்ல வேலை, சென்ற ஆண்டு கல்யாணம். வீடு பார்க்கிறான். “அக்கா, மலைப் பக்கம் ஒரு கொண்டோ யூனிட் பார்த்திருக்கோம். வியூ அவ்வளவு அழகு. பின்னாடி முழுக்கக் காடு” என்றான்.

“அந்தக் காடு யாருடையது?” என்று கேட்டேன்.

“காடு காடுதானே அக்கா, அரசாங்கத்தோடதா இருக்கும்.”

இந்த இடத்தில்தான் பல பேர் ஏமாறுகிறார்கள். ஜன்னலில் தெரியும் பச்சை எல்லாம் வனக்காப்பகம் ஆகிவிடாது. அது வனக்காப்பகமாக அரசிதழில் ஏறியிருக்கலாம். அரசு நிலமாகச் சும்மா கிடக்கலாம். தனியார் ஒருவர் வீடு கட்ட வாங்கிப்போட்ட நிலத்தில் பத்து வருடமாக வளர்ந்த புதராகவும் இருக்கலாம். விற்பனை முகவர் மூன்றையும் ‘கிரீன் வியூ’ என்றுதான் சொல்வார். நகராண்மைக் கழகத்தின் உள்ளூர்த் திட்ட வரைபடத்தில் அந்த இடத்துக்கு என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்கச் சொன்னேன். காட்சிக்காகக் கொடுக்கிற கூடுதல் விலையில், அந்தச் சரிவைப் பிடித்து நிறுத்தும் வேரும் சேர்த்தி இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது. தம்பி இன்னும் முடிவெடுக்கவில்லை. மனைவிக்கு அந்த பால்கனி மிகவும் பிடித்துவிட்டதாம்.

மலை மேல் வீடு வாங்க வசதி இல்லாதவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். அவர்களுக்குத்தான் இதில் அதிகம் இருக்கிறது.

நம் ஆட்கள் இந்தப் பள்ளத்தாக்கில் எங்கெங்கே வாழ்கிறார்கள் என்று ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்தால், புள்ளிகள் பெரும்பாலும் ஓர் ஆற்றோடு சேர்ந்தே போகும். உலு கிள்ளான் மலையில் பிறக்கும் கிள்ளான் ஆறு, கிள்ளான் கேட்ஸ் அணையைத் தாண்டி இறங்கி, கம்போங் பெரெம்பாங் அருகே நம் சுங்கை அம்பாங்கைச் சேர்த்துக்கொள்கிறது. மஸ்ஜிட் ஜாமேக் அருகே கோம்பாக்கைச் சேர்த்துக்கொள்கிறது. பிரிக்பீல்ட்ஸை உரசிக்கொண்டு போய், பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம் வழியாகக் கிள்ளான் பட்டணத்துக்குள் நுழைந்து, போர்ட் கிள்ளானில் கடல் சேர்கிறது. மொத்தம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியேறி வந்த குடும்பங்களுக்குக் கிடைத்தது மலிவான நிலம். மலிவான நிலம் என்றால் அநேகமாகத் தாழ்வான நிலம்.

கம்போங் பெரெம்பாங்கில் அந்த இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில்தான் ஸ்மார்ட் சுரங்கத்தின் வாய் இருக்கிறது. 2007-இல் திறந்தார்கள். 9.7 கிலோமீட்டர் நீளம், செலவு சுமார் 190 கோடி வெள்ளி. அம்பாங் பக்கமிருந்து வரும் வெள்ளத்தை நகரத்தின் நடுப்பகுதிக்குப் போகவிடாமல் தரைக்கடியில் திருப்பி, தாமான் டேசா பக்கம் வெளியே விடுகிறது. நல்ல பொறியியல், குறை சொல்ல மாட்டேன். பல தடவை மஸ்ஜிட் ஜாமேக் வட்டாரத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது நீரைக் குறைக்கவில்லை, இடம் மாற்றுகிறது. கீழே இருப்பவர்களுக்கு அந்த நீர் வந்தே தீரும்.

2021 டிசம்பர் 18 அன்று வந்தது. கோலாலம்பூரில் ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்ததாக அதிகாரிகளே சொன்னார்கள். ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா, நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் இடம், கூரை வரை மூழ்கியது. எங்கள் பெரியம்மா வீடு அங்கேதான். இரவு முழுக்க மாடிப்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் படகில் இறக்கினோம். பெரியப்பா படம், கல்யாண ஆல்பம், பேத்தியின் பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாம் போயின. தையல் இயந்திரத்தை மட்டும் சேற்றிலிருந்து தூக்கி, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, இன்றைக்கும் ஓட்டுகிறார். வானம் கறுத்தால் மேசை மேல் எதை ஏற்றுவது என்று பார்க்கிறார். அந்த ஆண்டு இறுதி வெள்ளத்தில் நாடு முழுவதும் 50-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். புள்ளியியல் துறை கணக்கிட்ட இழப்பு 610 கோடி வெள்ளி. அதில் பாதிக்கு மேல், 310 கோடி, சிலாங்கூரில் மட்டும்.

காடு இருந்திருந்தால் அந்த வெள்ளமே வந்திருக்காது என்று சொல்லும் பேச்சை நான் நம்புவதில்லை. அதே நாளில் காடு சூழ்ந்த உலு லங்காட்டில் என்ன நடந்தது? மலைச்சரிவுகள் உடைந்து, மரத்தடிகளும் சேறும் பாலங்களை மோதி, கம்பங்களுக்குள் புகுந்தன. பஞ்சு ஓர் அளவுக்குத்தான் உறிஞ்சும். நிரம்பிய பிறகு அதன் மேல் ஊற்றுவதெல்லாம் வழியும். மிகப் பெரிய மழையின்போது காடும் கையை விரித்துவிடும் என்பதை நீரியல் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். காட்டின் வேலை நன்றாகத் தெரிவது சிறிய, நடுத்தர மழைகளில்தான். வருடத்தில் பல தடவை வருகிற, செய்தியில் வராத, ஆனால் கடை வைத்திருப்பவரின் அரிசி மூட்டையை நனைக்கிற வெள்ளங்கள் அவை. பெரிய மழையிலும் வெள்ளம் ஏறும் வேகத்தைக் காடு கொஞ்சம் தள்ளிப்போடும். பெரியம்மாவுக்கு அன்றிரவு இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால் சான்றிதழ்களையாவது மேலே எடுத்து வைத்திருப்பார்.

உலக மாநாடுகளில் காட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கரிமத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். மரம் எவ்வளவு கரியமில வாயுவை விழுங்கும், அதை எந்த நாட்டுக்கு எந்த விலைக்கு விற்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அது தேவையில்லை என்று சொல்லவில்லை. 1992-இல் ரியோவில் நிலப்பரப்பில் பாதியையாவது காடாக வைத்திருப்போம் என்று மலேசியா வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கு இன்றைக்கும் மேடைகளில் நினைவுபடுத்தப்படுகிறது. ஆனால் நாடு முழுவதுக்குமான பாதிக் கணக்கில் அம்பாங்குக்கு ஒரு பயனும் இல்லை. சரவாக்கில் நிற்கும் மரம் உலு கிள்ளான் சரிவைப் பிடித்துக்கொள்ளாது. சூடேறிய உலகம் இனி வருமா என்ற கேள்வி முடிந்துவிட்டது, வந்துவிட்டது. வந்ததோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பதுதான் கேள்வி. அதற்கு உதவும் காடு நம் தலைக்கு மேலே, நம் ஆற்றின் மூலத்தில் நிற்க வேண்டும்.

வெள்ளத்தை மட்டும் பேசிவிட்டு வறட்சியை விட்டுவிடக் கூடாது. 1998-ஐ நினைவிருக்கிறதா? எல் நினோ ஆண்டு. கிள்ளான் கேட்ஸ், லங்காட், செமினி அணைகளில் மட்டம் இறங்கியது. மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு. வாளி, தொட்டி, குழந்தை குளிக்கும் பேசின் என்று கிடைத்ததிலெல்லாம் பிடித்து வைத்தோம். லோரி வரும் சத்தம் கேட்டால் நான்காம் மாடியிலிருந்து ஓட வேண்டும். 2014-இல் மறுபடியும் பங்கீடு வந்தது. இப்போது பகாங்கிலிருந்து 44.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் குடைந்து, தித்திவங்சா மலைத்தொடருக்கு அடியில் தண்ணீர் கொண்டுவருகிறோம். மலையைக் குடைந்து அடுத்த மாநிலத்துத் தண்ணீரை எடுக்கத் தெரிந்த நமக்கு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலை சும்மாவே சேர்த்து வைக்கும் தண்ணீரின் அருமை தெரிவதில்லை. மழை நின்ற இரண்டாம் மாதத்திலும் உத்தான் லிப்பூர் ஓடையில் நீர் வருகிறதே, அது அந்தப் பொலபொல மண் திருப்பிக் கொடுப்பது.

சிலாங்கூர் அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2007-இல் மலையடிவாரக் காடுகளைச் சேர்த்து, ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரப்புள்ள மாநிலப் பூங்காவை அறிவித்தது. அம்பாங் வனக்காப்பகமும் அதில் அடக்கம். 2010 முதல் 25 ஆண்டுகளுக்கு மரம் வெட்டத் தடையும் போட்டது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதே பூங்காவிலிருந்து உக்காய் பெர்டானாவையும் சுங்கை லோங்கையும் இணைக்கும் கிழக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலைக்காக 106 ஹெக்டேருக்குச் சற்று மேல் நீக்கிக் கொடுக்கப்பட்டது. ஒரு லட்சத்தில் நூறு என்ன பெரிது என்று கேட்பவர்கள் உண்டு. சாலை என்பது நீளமான வெட்டு. காட்டின் நடுவே கோடு போட்டால் இரண்டு பக்கமும் வெயிலும் காற்றும் நுழைந்து ஓரமாகவே காய்ந்துகொண்டு போகும். அதோடு, சாலை வந்த பிறகு அதன் ஓரத்தில் ‘வியூ’ விற்க ஆள் வருவார். எம்.ஆர்.ஆர். 2-இல் காலை ஏழரை மணிக்கு நின்றுகொண்டிருக்கும் எனக்கும் அந்தச் சாலை வசதிதான் என்பதை மறைக்கவில்லை. வசதியையும் விலையையும் ஒரே தாளில் எழுதிக் காட்ட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இதைக் கோலா லங்காட்டில் ஒரு சிறு சமூகம் செய்து காட்டியது. கிள்ளானுக்குத் தெற்கே, கோலா லங்காட் வடக்கு வனக்காப்பகம் சதுப்புக் காடு. கரி மண்ணால் ஆன காடு. அந்த மண்ணில் பெரும்பகுதி தண்ணீரே, ஊறிய ரொட்டி மாதிரி. கால்வாய் வெட்டி வடித்தால் காய்ந்து பற்றிக்கொள்ளும், மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் புகையும். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலா சிலாங்கூரிலும் காற்றுத் தரக் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தது நினைவிருக்கும். சுமத்ராவிலிருந்து வந்த அந்தப் புகைமூட்டத்துக்கு முக்கியக் காரணம் இதே வகைக் கரி மண் நிலங்கள் எரிந்ததுதான். ஈரமாக இருக்கிறவரை அந்தக் காடு வெள்ளத்தையும் வாங்கிக்கொள்ளும், காற்றையும் குளிர வைக்கும். லங்காட் சிவப்புச் சண்டை மீன் என்று ஒரு சிறிய மீன் உண்டு. அது வாழும் மிகச் சில இடங்களில் ஒன்று இந்தக் காடு.

1927-இல் 7,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த காப்பகம் தேய்ந்து தேய்ந்து ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. 2020 பிப்ரவரியில், மிச்சமிருந்த 957 ஹெக்டேரில் 930-ஐ நீக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அங்கே தலைமுறைகளாக வாழும் தெமுவான் பூர்வகுடியினர் எழுந்தார்கள். பிரம்பும் மூலிகையும் எடுக்கும் காடு, முன்னோர் நிலம். சுற்றுச்சூழல் அமைப்புகளும் நகரத்து இளைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. இருந்தும் 536 ஹெக்டேர் நீக்கப்பட்டுவிட்டதாக 2021 ஆகஸ்ட் இறுதியில் தெரியவந்தது. செப்டம்பர் 8-ஆம் தேதி, மாநில ஆட்சிக்குழு அந்த முடிவை ரத்து செய்து, நிலத்தை மீண்டும் காப்பகமாக்குவதாக அறிவித்தது. ஒரு வாரத்துக்குச் சற்று மேல்தான் இடைவெளி. மூன்று மாதம் கழித்து டிசம்பர் வெள்ளம் வந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

இதை எழுதும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்ததே காட்டை வெட்டத்தான். அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது கோடரியும் பாராங்கும். இன்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் ரப்பர்த் தோட்டத்தைப் ‘பால்மரக்காடு’ என்றுதான் சொல்கிறார்கள். வரிசையாக நட்ட ஒரே மரத்துக்குக் காடு என்று பேர் வைத்தவர்கள், உண்மையான காடு போன இடத்தில் வாழ்ந்தவர்கள். லாபம் லண்டனுக்குப் போனது, பாம்புக்கடியும் மலேரியாவும் நமக்கு வந்தன. அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஆறு எப்போது ஏறும், எந்த ஓடை எங்கே போகிறது என்று தோட்டத்துக் கிழவர்களுக்குத் தெரிந்திருந்தது. பால் வெட்டப் போகும்போதே மேட்டுக் காட்டின் மேல் மேகம் நிற்பதைப் பார்த்து, இன்று மழை, பால் தேறாது என்று சொல்லிவிடுவார்கள். நகரத்துக்கு வந்த இரண்டாம் தலைமுறைக்குத் தன் தாமான் எந்த ஆற்றின் வெள்ளப்பரப்பில் இருக்கிறது என்றுகூடத் தெரிவதில்லை. வீட்டு ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்காது.

போன காட்டைத் திரும்ப வளர்க்க முடியாதா? முடியும். கெப்போங்கில் வன ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறதே, பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போவோமே, அது ஈயம் தோண்டி முடித்து, காய்கறி போட்டுச் சலித்துப்போன நிலம். 1926-இல் நடத் தொடங்கினார்கள். இன்று உள்ளே போனால் அதை மனிதன் நட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. பெருமைப்படலாம். ஆண்டுகளையும் எண்ணிப் பாருங்கள்: ஏறத்தாழ நூறு. அம்பாங்கின் ஒரு சரிவை இன்று வெட்டிவிட்டு நாளையே கன்று நட்டாலும், அது கெப்போங் மாதிரி ஆகும்போது அந்தத் தம்பியின் பேரன் ஓய்வு பெற்றிருப்பான். நடுவில் வருகிற மழைகள் காத்திருக்கப் போவதில்லை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நிலமும் காடும் அரசியலமைப்பின்படி மாநில அரசின் கையில் இருக்கின்றன. காட்டை வைத்திருக்கும் மாநிலத்துக்கு வருமானம் இல்லை, விற்றால் உண்டு. இதைச் சரிசெய்யத்தான், காடு காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு ஒரு மானியம் கொடுக்கிறது. 2019-இல் 6 கோடி வெள்ளியில் தொடங்கியது, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 25 கோடியானது. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. சிலாங்கூரின் ஒரே ஒரு வெள்ளத்து இழப்பு 310 கோடி என்று மேலே சொன்னேன்.

வாசகர்கள் சிலர், “நாங்கள் என்ன செய்வது?” என்று கேட்பார்கள். மரம் நடும் விழாவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்வதைவிடப் பயனுள்ள ஒன்று இருக்கிறது. சிலாங்கூரில் 2011-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, வனக்காப்பகத்தை நீக்கும் முன் பொது விசாரணை நடத்த வேண்டும். அறிவிப்பு நாளிதழில் வரும், வீட்டு ஏல விளம்பரங்களுக்கு நடுவே, சின்ன எழுத்தில், ‘ஹுத்தான் சிம்பான்’ என்ற சொல்லோடு. ஆட்சேபம் தெரிவிக்க ஒரு கெடு இருக்கும், கோலா லங்காட்டுக்குக் கொடுத்தது 30 நாள்.

பார்த்தால் மாநில வனத்துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மலாயில், ஒரு பக்கம் போதும். கரிமம், புவிவெப்பம் எல்லாம் அதில் வேண்டாம், அதை மற்றவர்கள் எழுதுவார்கள். நீங்கள் எந்தத் தாமானில் குடியிருக்கிறீர்கள், எந்த ஆறு பக்கத்தில் ஓடுகிறது, எந்தத் தேதியில் தண்ணீர் உள்ளே வந்தது, சுவரில் எத்தனை அடி ஏறியது என்று எழுதுங்கள். பெரியம்மா வீட்டுச் சுவரில் அந்தக் கோட்டின் மேல் இன்னும் வெள்ளை அடிக்கவில்லை. போன வாரம் அளந்து பார்த்தேன், தரையிலிருந்து ஏழு அடி இரண்டு அங்குலம்.